பவளத் தொட்டிக்குள் குமிழ் அனிமோன்: விடலாமா, வேண்டாமா?

உவர்நீர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. 300 லிட்டர் தொட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி 9 மாதம் ஆகிறது. பவளங்களில், இடது பக்கம் ஒரு டார்ச், அதற்குக் கீழே மூன்று தலை ஹேமர், முன்பக்கம் ஜோவாக்கள், பாறை உச்சியில் உள்ளங்கை அளவு மாண்டிபோரா. ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி மீன்கள் இருக்கின்றன. அவை தினமும் ராத்திரி ஹீட்டரை ஒட்டிப் படுத்துத் தூங்குகின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது. அவற்றுக்காகக் குமிழ்நுனி அனிமோன் ஒன்று (கோமாளி மீன்கள் குடியிருக்கும், கொட்டும் விரல்கள் கொண்ட கடலுயிர்) வாங்கலாம் என்று ஆசை. உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), வெப்பம் 25.5 டிகிரி, ஆல்கலினிட்டி 8.3, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.05. கேட்டால் ஒருவர் தாராளமாக விடுங்கள் என்கிறார், அடுத்தவர் தொட்டியே போய்விடும் என்கிறார். பவளமும் அனிமோனும் ஒரே தொட்டியில் வைத்து, குறைந்தது ஒரு வருடம் தாண்டியவர்கள் மட்டும் சொல்லுங்கள், தயவுசெய்து.

பழைய சம்ப்

11 வருடமாக இரண்டும் ஒரே தொட்டியில்தான். அதனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தண்ணீர்க் கணக்கு முழுக்கச் சொன்னீர்கள், அனிமோன் எங்கே உட்காரும் என்பதைச் சொல்லவில்லை. பவளத்தை எங்கே ஒட்டினோமோ அங்கேயே கிடக்கும். அனிமோனுக்குப் பாதம் இருக்கிறது. வெளிச்சம் பிடிக்கவில்லை, நீரோட்டம் பிடிக்கவில்லை, பாதத்தை நுழைக்கப் பொந்து கிடைக்கவில்லை என்றால் கிளம்பிவிடும், அதுவும் பெரும்பாலும் நாம் விளக்கை அணைத்த பிறகு.

என் முதல் அனிமோனைப் பாறையின் நட்டநடுவே, பார்க்க அழகாக இருக்கும் இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டி மோர் கரைத்தது போல வெளுத்திருந்தது. ராத்திரியில் நடந்து போய், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் பின்பக்கம் உறிஞ்சப்பட்டு அரைபட்டிருக்கிறது. துண்டு துண்டாகத் தண்ணீர் முழுக்கப் பரவியது, அந்தத் துண்டுகளும் கொட்டும் என்பதை மறக்க வேண்டாம். அம்மோனியா ஏறி இரண்டு மீன் போயிற்று, ஒரு அக்ரோபோரா பவளம் பாதி தோலுரிந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, தண்ணீரைச் சுத்தமாக்கக் கார்பன் போட்டு, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையை நாளைக்கு மூன்று முறை கொட்டி, ஒரு வாரம் தூக்கம் இல்லை. அனிமோன் மேல் தப்பில்லை. நான்தான் அதற்கு இடம் வைக்காமல் எனக்கு இடம் வைத்திருந்தேன்.

இப்போது இருப்பது தனித்தீவு. பிரதான பாறையிலிருந்து விலக்கி, நான்கு பக்கமும் 20 செ.மீ. வெறும் மணல் விட்டு, ஒரு பாறை. அதில் கட்டைவிரல் முழுசாக நுழைகிற ஆழத்தில் ஒரு துளை, உள்ளே இருட்டு. குமிழ் அனிமோன் பாதத்தை இருட்டில் மறைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டுகிற ஜாதி. அப்படி ஒரு பொந்து கிடைத்துவிட்டால் வருடக்கணக்கில் அசையாது. மணலைக் கடந்து போகவே போகாது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பாறை மேல் ஊர்வதை விட மணலில் போக அதற்கு மனசு வருவதில்லை.

பவளச்செல்வி

நான் எதிர்க்கட்சி. உங்கள் தொட்டியில் டார்ச்சும் ஹேமரும் இருக்கின்றன, அங்கே அனிமோன் வேண்டாம். டார்ச்சும் கொட்டும், அனிமோனும் கொட்டும், இரண்டும் தொட்டுக்கொண்டால் பஞ்சாயத்துக்கு ஆளில்லை. என்னிடம் ஆறு தலை ஹேமர் இருந்தது, மூன்று வருடம் வளர்த்தது. அனிமோன் ஒரே ஒரு ராத்திரிதான் அதன்மேல் சாய்ந்திருந்தது. மறுநாள் இரண்டு தலை சுருங்கியது, அதற்கு அடுத்த நாள் பழுப்புக் கூழாக வழிய ஆரம்பித்தது, அந்தக் கூழ் பக்கத்துத் தலைகளுக்கும் பரவியது. கடைசியில் ஒரு தலையை வெட்டி எடுத்துக் காப்பாற்றினேன். இத்தனைக்கும் அந்த அனிமோன் 7 மாதம் ஒரே இடத்தில் நல்ல பிள்ளையாக இருந்தது. விளக்கை மாற்றினேன், அவ்வளவுதான், கிளம்பிவிட்டது.

அதனால் இப்போது அனிமோனுக்குத் தனியாக 120 லிட்டர், பவளம் ஒன்றுகூட இல்லை. அது எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், எனக்குக் கவலை இல்லை.

பழைய சம்ப்

செல்வி சொல்வதை மறுக்கவில்லை. விளக்கை மாற்றினால் நடக்கும் என்பது உண்மை, எனக்கும் நடந்தது. புது விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி மாதக் கணக்கில் ஏற்றியிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும். வேவ்மேக்கரின் திசையை ஒரு விரல் அகலம் திருப்பினாலே சில அனிமோன்கள் இடம் மாறும். அதாவது, அனிமோன் வந்த பிறகு தொட்டியில் கை வைக்கும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும். எனக்கு அது வரவே ஒரு வருடம் ஆயிற்று.

நுண்கொடுக்கு

ஒரு சின்னத் திருத்தம், அல்லது சேர்க்கை. தொட்டால்தான் ஆபத்து என்று எல்லோரும் தூரத்தை மட்டும் பார்க்கிறோம். தொடாத சண்டையும் உண்டு. சார்கோஃபைட்டன், சினுலேரியா மாதிரி மென்பவளங்கள் டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் விடுகின்றன, பக்கத்தில் வேறு யாரும் வளரக்கூடாது என்று. சிறிய தொட்டியில் அது எல்லோரையும் எட்டும். இந்த மாதிரிப் பெரிய தோல் பவளம் இருக்கும் தொட்டியில் அனிமோன் காரணமே தெரியாமல் சுருங்கிக் கிடந்தால் முதலில் கார்பனை மாற்றிப் பாருங்கள். உங்கள் பட்டியலில் மென்பவளம் இல்லை, ஜோவா மட்டும்தான், அதனால் பயமில்லை. இருந்தாலும் கார்பன் மாதம் ஒரு முறை மாற்றுவது நல்லது.

இன்னொன்று. அனிமோனும் கல் பவளமும் சொந்தக்காரர்கள்தான், இரண்டும் அறுகதிர்ப் பவள வகுப்பில் வருகின்றன. ஒருவருக்கு எலும்புக்கூடு, இன்னொருவருக்கு இல்லை. அதனால் கால்சியம், மெக்னீசியம் பற்றி அனிமோன் பெரிதாகக் கவலைப்படாது. அதற்கு வேண்டியது ஆட்டம் இல்லாத தண்ணீர். உப்பு இன்று 33, நாளை 36 என்றால் பவளம் முகம் சுளிக்கும், அனிமோன் படுத்துவிடும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும் தானியங்கி டாப்அப் இல்லையென்றால் அனிமோனுக்கு முன் அதை வாங்குங்கள்.

உவர்நீர்க்காரன்

டாப்அப் இருக்கிறது. வேவ்மேக்கர் இரண்டு, மூடி இல்லை, அதைப் பார்க்கிறேன்.

இப்போது வேறு ஒரு சந்தேகம். கடையில் ஒன்று பார்த்தேன், குமிழ் வகை இல்லை, நீள விரல், உடம்பு பால் வெள்ளை, நுனி மட்டும் ஊதா. கடைக்காரர் செபே வகை அனிமோன் என்றார், அபூர்வ நிறம், கோமாளி மீனுக்கு இதுதான் இயற்கையான வீடு என்றார். உண்மையில் ரொம்ப அழகு. எடுக்கலாமா?

பழைய சம்ப்

எடுக்காதீர்கள்! அபூர்வ நிறம் இல்லை அது, பட்டினி நிறம். அனிமோனின் தோலுக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தைச் சாப்பாடாக மாற்றிக் கொடுக்கிறது, பழுப்பு நிறமும் அந்தப் பாசியுடையது. பிடித்த இடத்திலிருந்து வந்த வழியில் எங்கேயோ சூட்டிலோ இருட்டிலோ பாசியைத் துப்பிவிட்டது. நல்ல செபே பழுப்பாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ இருக்கும், நுனி ஊதாவாக இருக்கலாம். பால் வெள்ளையை மீட்டவர்கள் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் சின்னச் சின்னதாக ஊட்டி, வெளிச்சத்தை மெதுவாக ஏற்றி. முதல் அனிமோனுக்கு அந்தப் பாடு வேண்டாம். பளீர் மஞ்சள், பளீர் நீலம் என்று ஒரே சீராக இருந்தால் அது சாயம் தோய்த்தது, அதைத் திரும்பியே பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வாயும் பாதமும். வாய் இறுக்கமாக மூடி இருக்க வேண்டும், உள்ளிருப்பது வெளியே தொங்கக் கூடாது. பாதம் எதையாவது பிடித்திருக்க வேண்டும், கிழிசல் இருக்கக் கூடாது. கடையிலேயே தரையில் உருண்டு கிடப்பதை எடுத்து வந்து தொட்டியில் எழுப்பிவிடலாம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது, இரண்டு முறை.

கொடுவாள் வால்

ஒசெல்லாரிஸுக்கு இயற்கை வீடு செபே என்பதும் சரியில்லை. கடலில் அது தங்குவது மூன்று வகை அனிமோனில்தான்: மேக்னிஃபிகா, ஜைஜாண்டியா, மெர்டென்சி. குமிழ்நுனிகூட அந்தப் பட்டியலில் இல்லை. மரூன் கோமாளிதான் குமிழ்நுனியைத் தவிர வேறெதிலும் தங்காதது. கிளார்க்கி கோமாளி எதிலும் குடியேறும், கோமாளி மீன்களை ஏற்கும் பத்து வகையிலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். தொட்டியில் ஒசெல்லாரிஸ் குமிழ்நுனியில் சேர்வது சகஜம்தான், ஆனால் அது மீனின் இஷ்டம். அனிமோனை மீனுக்காக வாங்காதீர்கள், அனிமோனுக்காக வாங்குங்கள். மீன் வந்தால் லாபம்.

மேக்னிஃபிகா வாங்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். கடலில் ஒரு மீட்டர் அகலம் வரை விரியும், பாறை உச்சி, கடும் வெளிச்சம், கடும் ஓட்டம் கேட்கும், கிடைக்காவிட்டால் கண்ணாடி முழுக்க ஊர்வலம் போகும். 300 லிட்டரில் பவளங்களோடு வேண்டாம். கார்ப்பெட் வகைகளும் அப்படித்தான், அதோடு பக்கத்தில் தூங்கும் மீனையும் சாப்பிடும். என் மாண்டரின் மீனை ஹடோனி என்ற கார்ப்பெட் விழுங்கியது, மறுநாள் எலும்பு உருண்டையாகத் துப்பியது.

மணல்படுக்கை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தொட்டியில் வாங்காமலே பழுப்பு நிறத்தில் குட்டி அனிமோன்கள் ஏழெட்டு வந்திருக்கின்றன, கண்ணாடிக் குழாய் மாதிரி மெல்லியதாக. இதை வளர்த்தால் கோமாளி மீன் சேருமா?

கொடுவாள் வால்

அது ஐப்டேசியா. வளர்க்க வேண்டாம், அதுவே வளரும். பிய்த்து எடுக்கவும் வேண்டாம், பிய்ந்த ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது ஐப்டேசியா ஆகும். பெர்கியா என்ற கடல் நத்தை அதை மட்டுமே சாப்பிட்டு வாழும், பவளத்தையும் நல்ல அனிமோனையும் தொடாது. பெப்பர்மின்ட் இறாலும் சாப்பிடும், ஆனால் அது ஆளைப் பொறுத்தது. தனி இழை தொடங்குங்கள், இங்கே பேசினால் திசை மாறிவிடும்.

இரவுவிளக்கு

குமிழ்நுனி பற்றி யாரும் சொல்லாத விஷயம், பெருகுவது. ஒன்று வாங்கினேன், இன்று ஒன்பது. வாயின் குறுக்கே நீண்டு, நடுவில் கிழிந்து, இரண்டாகி ஆளுக்கொரு பக்கம் நகர்கிறது. நன்றாகச் சாப்பிட்டாலும் பிரிகிறது, பெரிய தண்ணீர் மாற்றம், வெப்ப ஏற்றம் என்று சங்கடம் வந்தாலும் பிரிகிறது. முதல் தடவை பார்த்தபோது செத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து வாளியில் எடுத்துவிட்டேன். தாய் இடத்தில் இருக்கும், குட்டி புது இடம் தேடி நடக்கும், அந்தக் குட்டிதான் உங்கள் டார்ச்சுக்கு எமன். என் ஆறாவது குட்டி மாண்டிபோராவின் நடுவில் வட்டமாக வெள்ளைத் தழும்பு போட்டுவிட்டுத்தான் நின்றது. வட்டம் இன்னும் இருக்கிறது, நடுவில் அனிமோன் ராஜா மாதிரி.

அதனால் இப்போது குறைவாகத்தான் ஊட்டுகிறேன். விளக்கு சரியாக இருந்தால், மீன் சாப்பாட்டில் சிந்துவதே போதும்.

பழைய சம்ப்

ஊட்டுவதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. புதிதாக வந்ததற்கு வாரம் ஒரு முறை சுண்டுவிரல் நக அளவு இறால் துண்டு கொடுப்பது தெம்பு தரும். அதைவிடப் பெரிதாகக் கொடுத்தால் இரண்டு நாளில் பாதி செரித்ததைத் துப்பும், அது தண்ணீரைத்தான் கெடுக்கும். ஒரு வருடம் தாண்டி நிறமும் அளவும் நன்றாக இருந்தால் இரவுவிளக்கு சொல்வது சரி, நிறுத்திவிடலாம்.

பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அனிமோன் சில நாள் பழைய பலூன் மாதிரி சுருங்கி, வாயிலிருந்து பழுப்பு இழை விடும். கழிவு வெளியேற்றுகிறது, சில மணி நேரத்தில் விரியும். நுனியில் குமிழ் மறைந்து விரல் நீண்டாலும் நோய் என்று அர்த்தமில்லை. பயப்பட வேண்டியது, வாய் பிளந்து நாள்கணக்கில் மூடாமல் இருந்து, பாதமும் பிடி விட்டுவிட்டால். அப்போது முகர்ந்து பாருங்கள். செத்த அனிமோனின் நாற்றத்தை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வெளியே எடுக்க வேண்டும்.

நுண்கொடுக்கு

வயதாகிச் செத்தது என்று சிலர் சொல்வார்கள், அது அனிமோனுக்குப் பொருந்தாத சாக்கு. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்ற இயற்கையியலாளர் 1828இல் ஒரு சாதாரண சிவப்பு அனிமோனைக் கடற்கரையிலிருந்து எடுத்து வந்து ஜாடியில் வைத்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது, பாட்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள். பம்ப் இல்லை, ஸ்கிம்மர் இல்லை, வெறும் ஜாடியில் கடல் தண்ணீரை மாற்றி மாற்றி வளர்த்தது. கோமாளி மீன் வகை இல்லைதான், ஆனாலும் நம் தொட்டியில் மூன்று மாதத்தில் போனால் காரணத்தை நம்மிடம்தான் தேட வேண்டும்.

உவர்நீர்க்காரன்

6 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வலது மூலையில் தனித்தீவு வைத்தேன். துளை இல்லாததால் இரண்டு பாறைகளை எபாக்ஸி வைத்து ஒட்டி நடுவில் இடுக்கு விட்டேன். வேவ்மேக்கர் இரண்டுக்கும் ஸ்பாஞ்ச் உறை போட்டாயிற்று, சம்புக்கு (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) தண்ணீர் இறங்கும் இடத்தில் வலை. டார்ச்சையும் ஹேமரையும் இடது ஓரத்துக்கே தள்ளினேன். இன்னொருவர் தொட்டியில் பிரிந்த குட்டி ஒன்று கிடைத்தது, பச்சை, கடலில் பிடித்தது இல்லை, விரித்தால் 8 செ.மீ.

ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாகத் தண்ணீர் பழக்கி, பம்ப் எல்லாவற்றையும் அணைத்து, இடுக்கில் பாதத்தை வைத்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாறைக்குப் பின்னால், கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில், எனக்குத் தெரியாத இடத்தில். பத்து நாள் அங்கேயே. கையை விட்டு இழுக்கலாமா என்று நூறு முறை தோன்றியது.

பழைய சம்ப்

இழுக்கவில்லை அல்லவா? பாதம் கிழிந்தால் அதுதான் பெரும்பாலும் கடைசி.

உவர்நீர்க்காரன்

இழுக்கவில்லை. பின்பக்கம் போகும் ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன், அது எரிச்சலாகி நகரும் என்று எங்கோ படித்தது. பதினோராம் நாள் மெதுவாக மேலே ஏறி, நான் ஒட்டிய இடுக்குக்கு மூன்று விரல் தள்ளி, எபாக்ஸி வழிந்து உருவான பொந்தில் உட்கார்ந்தது. நான் திட்டமிட்ட இடம் இல்லை, ஆனால் தீவு அதே தீவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதமாக அசையவில்லை, 12 செ.மீ. ஆகிவிட்டது. டார்ச்சுக்கும் அதற்கும் நடுவில் 45 செ.மீ. இருக்கிறது.

பவளச்செல்வி

நல்லது, ஆனால் ஒரு மாதம் என்பது கணக்கில் வராது. குளிர் சூடு மாறும்போது பாருங்கள். பிரிந்தால் குட்டியை உடனே எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பாவம் பார்த்து விட்டுவைக்க வேண்டாம்.

இரவுவிளக்கு

குட்டி கண்ணாடியில் ஒட்டியிருந்தால் எடுப்பது எளிது, பழைய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்திலிருந்து மெதுவாக நுழைத்தால் வந்துவிடும். பாறையில் என்றால் பாறையோடு கொடுப்பதுதான் வழி. நான் தீவைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவு கற்களைப் போட்டு வைத்திருக்கிறேன், குட்டி அதில் ஏறினால் கல்லோடு தூக்கிவிடலாம்.

சரி, மீன்கள் என்ன செய்கின்றன? அதைச் சொல்லவே இல்லையே.

உவர்நீர்க்காரன்

அதைக் கேட்காமல் இருப்பீர்கள் என்று பார்த்தேன். இரண்டும் ஹேமரில் குடியேறிவிட்டன. ஹீட்டரை விட்டாயிற்று, அனிமோன் இருக்கும் மூலைக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. பெண் மீன், நான் போடும் மைசிஸ் இறாலை வாயில் கவ்விக்கொண்டு போய் ஹேமருக்கு ஊட்டுகிறது, புரண்டு புரண்டு தேய்ப்பதில் ஒரு தலை சரியாக விரிவதே இல்லை. அனிமோனிடமிருந்து ஹேமரைக் காப்பாற்ற இவ்வளவு செய்தேன், கடைசியில் மீனிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

கொடுவாள் வால்

ஹாஹா. ஹேமரை ஒரு வாரம் முட்டை வடிவக் கூடைக்குள் மூடி வையுங்கள், தண்ணீர் போகிற மாதிரி. வேறு வழி இல்லாமல் சுற்றும்போது சில மீன்கள் அனிமோனைக் கண்டுபிடிக்கும். சில கண்டுபிடிக்காது, திரும்ப ஹீட்டர்தான்.

பழைய சம்ப்

கூடை நல்ல யோசனை, செய்யுங்கள். ஸ்பாஞ்ச் உறையை வாராவாரம் கழுவுகிறீர்களா? 6 வாரம் என்றீர்களே, அடைத்திருந்தால் ஓட்டம் பாதியாகியிருக்கும், அதைக் காட்டிலும் நடக்கச் சிறந்த காரணம் அனிமோனுக்கு வேண்டாம்.

உவர்நீர்க்காரன்

…இப்போதே போய்க் கழுவுகிறேன்.